நீரில் நிகழும் பிரசவம்

பாரிஸ் நகருக்குத் தெற்கே பித்திவியே என்னும் சிற்றூரின் மருத்துவமனையில், மிஷேல் ஓடாங் என்ற மருத்துவர் 1970-களின் பிற்பகுதியில் ஒரு நீர்த்தொட்டியை அமைத்தபோது, குழந்தைகள் நீருக்குள்ளேயே பிறக்கவேண்டும் என்று அவர் கருதியிருக்கவில்லை. வேதனையால் துடிக்கும் கர்ப்பிணிகளுக்கு மருந்தின்றிச் சிறிது ஆறுதல் அளிக்க வேண்டுமென்பதே அவருடைய எண்ணமாக இருந்தது. வெதுவெதுப்பான அந்நீரில் இறங்கிய பெண்களுள் சிலரோ, வெளியே வர மனமின்றியோ அவகாசமின்றியோ, அங்கேயே பிள்ளை பெற்றார்கள். அப்படி நிகழ்ந்த 100 பிரசவங்களைப் பற்றி 1983-ஆம் ஆண்டில் லான்ஸெட் என்னும் மருத்துவ சஞ்சிகையில் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் மேனாட்டு வைத்திய உலகம் இவ்விஷயத்தைக் கவனித்து விவாதிக்கத் தொடங்கிற்று.

பிரசவ வேதனை ஏறுவதற்கும் தணிவதற்கும் சரீரத்தில் தெளிவான காரணங்கள் உண்டு. கர்ப்பப்பை சுருங்கி விரிவதற்கு ஆக்ஸிடாசின் என்னும் சுரப்பு வேண்டும். பயமும் பதற்றமும் மேலிட்டால் அட்ரினலின் பெருகி, கர்ப்பப்பையின் வேலையைத் தளர்த்துவதோடு தேகத்தின் மற்றத் தசைகளை இறுகச் செய்து, வலியை மேலும் வளர்க்கிறது. கட்டிலில் மல்லாந்து படுத்திருக்கும் நிறைமாதக் கர்ப்பிணிக்கோ இன்னொரு சங்கடமும் சேர்கிறது: கனத்த கர்ப்பப்பை, இருதயத்துக்கு இரத்தத்தைக் கொண்டுசெல்லும் பெரிய நாளத்தின்மேல் அழுந்தி, இரத்த ஓட்டத்தையே குறைத்துவிடக்கூடும். வயிறு முழுதும் மூழ்கும் அளவுக்கு இளஞ்சூடான நீரில் அமர்ந்தவளுக்கு, உஷ்ணத்தால் தசைகள் நெகிழ்கின்றன. நீர் அவள் எடையைத் தாங்கிக்கொள்வதால், பிறர் உதவியின்றி மண்டியிடவும், குந்தவும், பக்கவாட்டில் சாயவும் இயல்கிறது.

இங்கிலாந்தில் வாழும் என் அக்காள் மகள் தன் இரண்டாவது குழந்தையை இவ்விதம் பெற்றாள். மாதம் நிறைந்து, சிசுவின் தலை கீழ்நோக்கி இருந்து, நோய் எதுவும் இல்லாத கர்ப்பம் என்று உறுதியான பின்னரே தொட்டிக்கு அனுமதி கிடைத்தது. "இடுப்பு இற்று விழுவதுபோல இருந்தது, சித்தி. தண்ணீருக்குள்ளே மண்டிபோட்டு, தொட்டி விளிம்பிலே கையை ஊன்றினதும்தான் மூச்சுவிட இடம் கிடைத்தது. வலி போய்விடவில்லை, ஆனால் ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவே கண்ணயர்ந்தேன்" என்று அவள் சொன்னாள். நீர் 37.5 பாகை செல்சியஸைத் தாண்டாதபடி மருத்துவச்சி உஷ்ணமானியைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். நனைந்தாலும் கெடாத ஒரு சிறு கருவியை வயிற்றில் வைத்து, அடிக்கடி சிசுவின் இருதயத் துடிப்பைக் கேட்டாராம். தலை வரும் சமயத்தில் கை வைத்து இழுக்காமல், நீருக்கடியில் ஒரு கண்ணாடியைப் பிடித்து, கைவிளக்கின் ஒளியில் பார்த்தபடி பொறுத்திருந்தாராம். பிள்ளை முழுதும் வெளிவந்ததும் அதன் முகத்தை முதலில் நீருக்கு மேலே கொண்டுவந்து தாயின் மார்பில் சேர்த்தார். முதல் பிரசவத்தில் கட்டிலை விட்டு இறங்கவும் அனுமதி பெறாதிருந்த அப்பெண், இதைச் சொல்லும்போது கொண்ட பூரிப்பை நான் அறிவேன்.

நீருக்குள் பிறக்கும் குழந்தைக்கு மூச்சு முட்டாதா என்ற கேள்வி நியாயமானதே. கர்ப்பத்திலிருக்கும் சிசுவின் நுரையீரல்களில் நிரம்பியிருப்பது திரவம். அதற்கு வேண்டிய பிராணவாயு நஞ்சிலிருந்து தொப்புள்கொடி வழியாகக் கிடைக்கிறது. பிறந்த பின்னும் சில நிமிஷங்கள் கொடி துடித்துக்கொண்டிருக்கும். குளிர்ந்த காற்று முகத்தில் படுவதும், வெளியுலகின் ஸ்பரிசமும் முதற் சுவாசத்தைத் தூண்டுகின்றன. உடற்சூட்டுக்கு ஒத்த நீர் அத்தகைய தூண்டுதலைத் தருவதில்லை. ஆயினும் பிராணவாயு குன்றித் தவிக்கும் சிசு நீருக்குள்ளேயே மூச்சை இழுத்துவிடக்கூடும். ஆகவே சிசுவின் இருதயத் துடிப்பில் சிறிது பிசகு தெரிந்தாலும் தாய் உடனே தொட்டியைவிட்டு வெளியேற வேண்டும்; ஒருமுறை காற்றுக்கு வந்த தலை மீண்டும் நீருக்குள் போகலாகாது; மேலே தூக்கும் அவசரத்தில் கொடியை இழுத்து அறுத்துவிடவும் கூடாது.

பிரிட்டிஷ் பார்லிமெண்டின் சுகாதாரக் குழு, இயன்ற மருத்துவமனைகளெல்லாம் இத்தொட்டி வசதியை அளிக்கவேண்டுமென்று 1992-இலேயே கூறிற்று. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நீரில் நிகழ்ந்த 4,032 பிரசவங்களை ஆராய்ந்து 1999-இல் வெளியான அறிக்கை, ஆபத்துக் குறைந்த மற்றப் பிரசவங்களைவிடச் சிசு மரணம் இவற்றில் அதிகமில்லை என்று கண்டது. எனினும் இரண்டு குழந்தைகள் நீரை உள்ளிழுத்துச் சிகிச்சை பெற நேர்ந்ததையும் மறைக்காமல் சொன்னது. 3,663 பெண்கள் பங்குகொண்ட 15 பரிசோதனைகளை 2018-இல் தொகுத்து நோக்கிய, காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வு அமைப்பின் அறிக்கை, பிரசவத்தின் முதற்கட்டத்தில் நீரில் இருப்பவர்களுக்கு, முதுகில் போடும் மரப்பு ஊசியின் தேவை சற்றுக் குறைகிறது என்றது. 2024-இல் வெளிவந்த பெரிய பிரிட்டிஷ் ஆய்வு, தொட்டியைப் பயன்படுத்திய, சிக்கலற்ற கர்ப்பமுடைய 60,000-க்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றியது. நீருக்குள் பெற்றவர்களுக்கும், நீரைவிட்டு வெளியே வந்து பெற்றவர்களுக்கும், கடும் கிழிசலிலோ குழந்தையின் க்ஷேமத்திலோ பாதகமான வேற்றுமை இல்லை என்பது அதன் முடிவு. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் கல்லூரியோ, முதற்கட்ட வலிக்கு நீர் உதவக்கூடும் என்று ஒப்புக்கொண்டு, குழந்தை பிறப்பது நீருக்கு வெளியிலேயே ஆகட்டும் என்று 2016-இல் பரிந்துரைத்தது. என் அபிப்பிராயத்தில், சிசு வெளிவரும் அந்தச் சில நிமிஷங்களைப் பற்றிய சர்ச்சையைவிட, அதற்கு முந்திய நீண்ட மணிநேரங்களில் தாய்க்குக் கிடைக்கும் சுகமே பெரிது. அதை எந்தத் தரப்பும் மறுக்கவில்லை.

இந்த ஆய்வுகள் யாவும் பயிற்சி பெற்ற மருத்துவச்சியும், அருகிலேயே அவசர சிகிச்சைக்கு வசதியும் உள்ள இடங்களைப் பற்றியவை. இரத்தக் கொதிப்பு, குறைமாதம், இரட்டைக் கரு, குழந்தை தலைமாறி இருத்தல் ஆகிய நிலைகளில் நீர்ப்பிரசவத்தை நினைக்கலாகாது. காணொளி பார்த்து வீட்டில் பிரசவம் செய்ய முற்பட்ட ஒரு தாய் 2018-இல் திருப்பூரில் உயிரிழந்ததை நாம் மறந்துவிட முடியாது. தொட்டி அமைக்க இயலாத நம் மருத்துவமனைகளிலும், வலி கண்டவளை நடமாட விடுவதற்கும், இடுப்பில் இளஞ்சூடான நீர் விழும்படி குளியலறையில் அமரச் செய்வதற்கும், நம்பிக்கைக்குரிய ஒரு பெண்ணை அவள் பக்கத்தில் இருத்துவதற்கும் பெருஞ்செலவு வேண்டியதில்லை. பேறுகாலத்தை எதிர்நோக்கும் பெண்ணும் அவள் வீட்டாரும், வலி காணும் நாள்வரை காத்திராமல், இவற்றில் எவற்றுக்கு இடமுண்டு என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.