கோவையில் ஜெயித்த சென்னை

2019 மார்ச் 9. கோவை ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கில் ஐ-லீக் கால்பந்துப் போட்டியின் கடைசி நாள் ஆட்டம். சென்னை சிட்டி எஃப்சி ஜெயித்தால் கோப்பை உறுதி. ஒரே ஒரு புள்ளி பின்தங்கி, ஈஸ்ட் பெங்கால் அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவுடன் மோதிக்கொண்டிருந்தது.

ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மினெர்வா பஞ்சாப் கோல் போட்டுவிட்டது. இடைவேளை வரை பதில் கோல் விழவில்லை. இரண்டாம் பாதியில் கிடைத்த பெனால்டியைப் பெத்ரோ மான்சி கோலாக்கினார். கோல் அடிப்பதற்காகப் பெயர் வாங்கியிராத கௌரவ் போரா பிறகு இரண்டு கோல் போட்டார். முடிவு 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்தது; ஆனாலும் பட்டியலில் 43-க்கு 42. ஐ-லீக் பட்டம் முதல்முறையாகத் தமிழ்நாட்டுக்கு வந்தது.

பெயரில் சென்னை, கொண்டாடியதோ கோவை. இந்த முரண்தான் அந்த கிளப்பின் முழுக் கதையும்.

1946இல் சென்னையில் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப்பாகத் தொடங்கி, பல பத்தாண்டுகள் உள்ளூர் லீக்கில் ஆடிய அணி இது. 2016-17 பருவத்தில் ஐ-லீக்கில் நுழைந்தது. தலைநகரிலோ சென்னையின் எஃப்சி என்ற இன்னொரு கிளப் ஏற்கெனவே ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) போட்டியில் ஆடிவந்தது. அடுத்த பருவமே சென்னை சிட்டி கோவைக்குக் குடிபெயர்ந்தது.

பட்டம் வென்ற அணியைக் கட்டியவர் சிங்கப்பூர்ப் பயிற்சியாளர் அக்பர் நவாஸ். மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ, கோல்கீப்பர் நவ்செட் என்று ஸ்பெயினிலிருந்து வந்தவர்கள் ஒரு பக்கம். எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார் என்று நம் ஊர்ப் பிள்ளைகள் இன்னொரு பக்கம். பந்தைத் தூக்கி அடிக்காமல், காலுக்குக் காலாகக் கடத்தி ஆடும் பாணி. முதல் ஆட்டத்திலேயே ஹாட்ரிக் அடித்த மான்சி, பருவ முடிவில் 21 கோல்களுடன் நின்றார்.

பிரேசிலிலும் இப்படி ஒரு வெற்றி உண்டு. ரியோ, சாவ் பாவ்லோ போன்ற மாநிலத் தலைநகரங்களின் கிளப்புகளே பெரும்பாலும் ஆண்ட தேசியப் பட்டத்தை, 1978இல் கம்பினாஸ் என்ற உட்பகுதி நகரத்தின் குவாரனி கிளப் தட்டிப் பறித்தது. இறுதிப் போட்டியின் இரண்டாவது ஆட்டத்தில், சொந்த மைதானத்தில், பால்மெய்ராஸுக்கு எதிராக ஒரே கோலை அடித்தவர் 17 வயது கரேக்கா. பிற்பாடு குவாரனி மூன்றாம் டிவிஷன் வரை சறுக்கியது. ஆனால் அது 1911இலேயே அந்த ஊரில் பிறந்த, உறுப்பினர்களின் சங்கம். அதே ஊரின் பொன்டே பிரெட்டாவோடு தலைமுறை தலைமுறையாகப் பகை. எந்த டிவிஷனில் ஆடினாலும் அது கம்பினாஸின் குவாரனிதான்.

சென்னை சிட்டிக்கு அப்படி ஊன்றிக்கொள்ளக் காலம் கிடைக்கவில்லை. பட்டம் வென்ற ஆண்டிலேயே சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் 26 சதவீதப் பங்கை வாங்கியபோது நம்பிக்கை பிறந்தது. ஆனால் 2020இல் ஆசியப் போட்டிகளின் 'சொந்த மண்' ஆட்டங்களை ஆடியது கோவையில் அல்ல, அகமதாபாத்தில். அங்கே பஹ்ரைனின் ரிஃபாவிடம் தோற்றது. மாலத்தீவின் மாசியாவுடன் 2-2 என சமன் செய்தது. பிறகு கொரோனா வந்து போட்டியையே நிறுத்திவிட்டது. தன் அணி ஆசிய அரங்கில் ஆடுவதைச் சொந்த ஊர் ரசிகன் நேரில் பார்க்க முடியாமல் போனதுதான் இந்தக் கதையிலேயே பெரிய இழப்பு. 2020-21 பருவம் முழுக்க மேற்கு வங்கத்தில், பயோ-பபிளுக்குள் நடந்தது. 2021-22 ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டியின் பெயரே இல்லை.

ஆனால் அந்த வெற்றி அணியின் தமிழ்நாட்டு வீரர்களுக்குக் கதவுகள் திறந்தன. எட்வின் சென்னையின் எஃப்சிக்கும், ரொமாரியோ எஃப்சி கோவாவுக்கும், அஜித்குமார் பெங்களூரு எஃப்சிக்கும் போய் ஐ.எஸ்.எல். களத்தில் இறங்கினார்கள்.