பத்து சதவீதக் கண்ணாடி, எத்தனை சதவீத வானம்?

மொன்றியல் நகரின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், விக்டோரியா அவென்யூவை ஒட்டிய தெருக்களில், மூன்று மாடிச் செங்கல் குடியிருப்புகள் வரிசையாக நிற்கின்றன. 1980களில் தொடங்கி இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் பல, முதன்முதலில் வாடகைக்கு வீடு பிடித்த இடங்களில் இதுவும் ஒன்று. இத்தகைய கட்டடங்கள் பலவற்றில் கீழ்த்தளம் பாதி நிலத்துக்குள் இறங்கியிருக்கும். அந்த பேஸ்மென்ட் வீடுகளில் ஜன்னலின் அடிவிளிம்பு ஏறக்குறைய தரைமட்டத்தில் இருக்கும். டிசம்பர் வந்தால் நடுப்பகலிலும் விளக்கைப் போடாமல் அங்கே படிக்க முடியாது.

காரணம் சூரியனின் உயரத்தில் தொடங்குகிறது. டிசம்பர் 21 அன்று நண்பகலில் மொன்றியல் வானில் சூரியன் 21 டிகிரிதான் ஏறுகிறது. யாழ்ப்பாணத்தில் அதே நாளில் 57 டிகிரி. பத்து மீட்டர் உயரக் கட்டடத்தின் நிழல் யாழ்ப்பாணத்தில் ஆறரை மீட்டர் விழும். மொன்றியலில் 26 மீட்டர். தெருவைத் தாண்டி எதிர்வீட்டுச் சுவரிலேயே ஏறிவிடும் நிழல் அது. பகலும் எட்டே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு வீட்டுக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று சட்டம் எப்படிச் சொல்கிறது? கனடாவின் தேசியக் கட்டட விதிகளில் நெடுங்காலம் இருந்த கணக்கு எளிமையானது. வரவேற்பறைக்கும் சாப்பாட்டறைக்கும் தரைப்பரப்பில் 10 சதவீதம் கண்ணாடி; படுக்கையறைக்கு 5 சதவீதம். 12 சதுர மீட்டர் கூடத்துக்கு 1.2 சதுர மீட்டர் கண்ணாடி இருந்தால் போதும். படுக்கையறை ஜன்னலுக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: தீப்பிடித்தால் ஆள் வெளியேற, திறப்பு குறைந்தது 0.35 சதுர மீட்டர் இருக்க வேண்டும்.

டேப் வைத்து அளந்துவிடலாம் என்பது இந்த விதியின் பலம். கண்ணாடிக்கு வெளியே என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை என்பது அதன் பெரும் குறை. பூங்காவைப் பார்த்த ஜன்னலுக்கும் இரண்டு மீட்டர் தள்ளிப் பக்கத்துச் சுவரைப் பார்த்த ஜன்னலுக்கும் ஒரே மதிப்பெண்தான்.

அறைக்குள் வரும் பகல் வெளிச்சத்தைத் தீர்மானிப்பது, ஜன்னல் வழியே தெரியும் வானத்தின் அளவு. முழுக்க மேகம் மூடிய நாளில் உச்சி வானம், அடிவானத்தைவிட மூன்று மடங்கு பிரகாசமாக இருக்கும். பேஸ்மென்ட் ஜன்னலுக்கு மேலே மாடி வீட்டு பால்கனி நீட்டிக்கொண்டிருந்தால், அந்தப் பிரகாசமான பகுதி அப்படியே மறைந்துவிடும். ஜனவரியில் நடைபாதைப் பனியை வாரி ஜன்னலோரம் குவித்தால் கீழ்ப்பாதியும் அடைபடும். அதே பனி சற்றுத் தள்ளி, அழுக்குப் படாமல் பரவிக் கிடந்தால் உதவிதான். புதிய பனி தன்மேல் விழும் ஒளியில் 80 சதவீதத்துக்கும் மேல் திருப்பி அனுப்பும்.

இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு இந்த விஷயத்தை வேறு வழியில் அணுகுகிறது. வெளியே வானம் 8,000 லக்ஸ் வெளிச்சம் தருவதாக வைத்துக்கொண்டு, அதில் எத்தனை பங்கு உள்ளே வர வேண்டும் என்று கேட்கிறது. கூடத்துக்கு 0.625 சதவீதம், அதாவது 50 லக்ஸ், சமையலறைக்கு 2.5 சதவீதம், அதாவது 200 லக்ஸ். ஐரோப்பா 2018இல் கொண்டுவந்த தரநிலை இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஆண்டின் பகல் நேரத்தில் பாதியாவது, அறையின் பாதிப் பரப்பில் 300 லக்ஸ் இருக்க வேண்டும். பிப்ரவரி 1க்கும் மார்ச் 21க்கும் இடைப்பட்ட ஒரு நாளில், வீட்டின் ஓர் அறைக்காவது ஒன்றரை மணி நேரம் வெயில் படும் வாய்ப்பு இருக்க வேண்டும். குளிர்காலத்தின் கடைசிப் பகுதியை வைத்து வீட்டைச் சோதிக்கும் இந்த முறை, மொன்றியல் போன்ற நகரத்துக்கு மிகப் பொருத்தமானது.

வெளிச்சம் வசதிக்கான விஷயம் மட்டுமல்ல. பார்வைக்கான செல்களைத் தவிர, நேரடியாக ஒளியை உணர்ந்து உடலின் உள்கடிகாரத்தைத் திருத்தும் செல்களும் விழித்திரையில் உண்டு என்று 2002இல் உறுதியானது. பகலில் போதிய ஒளி கிடைக்காவிட்டால் தூக்கமும் மனநிலையும் தடுமாறும். வைட்டமின் டி வேறு கணக்கு. அதை உண்டாக்கும் புற ஊதாக் கதிரைச் சாதாரண ஜன்னல் கண்ணாடி தடுத்துவிடும். எவ்வளவு பெரிய ஜன்னல் வைத்தாலும் வைட்டமின் டிக்கு உதவாது.

வீடு பார்க்கப் போகிறவர்கள் கருவி இல்லாமலே ஒரு சோதனை செய்யலாம். நாற்காலியில் உட்கார்ந்தபடி ஜன்னலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்து, எந்த இடத்தில் வானம் கண்ணிலிருந்து மறைகிறது என்று பார்க்க வேண்டும். அந்தக் கோட்டுக்கு அப்பால் உள்ள தரை, பகலிலும் விளக்கை நம்பித்தான் இருக்கும். கட்டட வல்லுநர்களும் வரைபடத்தில் இதே கோட்டைத்தான் போடுகிறார்கள். கியூபெக்கில் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் ஜூலை 1 அன்று தொடங்குகின்றன. அதற்காக வசந்தத்தில் வீடு பார்ப்பவருக்கு உயர்ந்த சூரியன்தான் தெரிகிறது. டிசம்பரின் 21 டிகிரி தெரிவதில்லை.

மொன்றியலுக்கு வீடுகளின் சுகாதாரம், பராமரிப்பு பற்றிய நகராட்சி விதி ஏற்கெனவே இருக்கிறது. குறை இருந்தால் 311ஐ அழைத்து ஆய்வாளரை வரச் சொல்லலாம். பேஸ்மென்டைப் புதுப்பித்து வாடகைக்கு விட அனுமதி கேட்கும்போது, கண்ணாடியின் பரப்போடு வானம் மறையும் கோட்டையும் வரைபடத்தில் காட்டச் சொன்னால் போதும். கூடுதல் செலவு அதிகமில்லை, ஒரு கோடு வரையும் வேலைதான். அந்தக் கோட்டைப் பார்த்து பால்கனியைச் சுருக்குவதா, ஜன்னலுக்கு முன்னால் உள்ள மண்ணை அகலமாக வெட்டி இறக்குவதா என்பதை, குடித்தனக்காரர் வருவதற்கு முன்பே முடிவு செய்துவிடலாம்.