எடை மெஷினை நம்பாதீங்க... இஞ்சி டேப்பை எடுங்க!

"எனக்கென்ன சார், ஒல்லியான உடம்பு! ஹார்ட் அட்டாக் எல்லாம் குண்டா இருக்கிறவங்களுக்குத்தானே வரும்?"

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்திலிருந்து சிகிச்சைக்கு வருகிறவர்கள் பலர் இப்படித்தான் கேட்கிறார்கள். முப்பத்தைந்து வயசு இருக்கும். தொழிற்சாலை வேலை. கை, கால் எல்லாம் குச்சி. ஆனால் சட்டையைத் தூக்கச் சொன்னால், சின்னப் பானையைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு தொந்தி! உயரம் 165 செ.மீ., எடை 60 கிலோ. கணக்குப் போட்டால் 'நார்மல்'.

இந்த 'நார்மல்' இருக்கிறதே, அதுதான் ஆளை ஏமாற்றுகிறது.

பி.எம்.ஐ. சொல்லாத சேதி

எடையை (கிலோவில்), உயரத்தின் (மீட்டரில்) வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. இந்தியர்களுக்கு 23-க்குக் கீழே இருந்தால் நல்லது. 25-ஐத் தாண்டினால் உடல் பருமன். மேலே சொன்னவருக்கு 22 தான் வருகிறது. அப்புறம் என்ன கவலை என்கிறீர்களா?

எடை மெஷினுக்குத் தசையும் ஒன்றுதான், கொழுப்பும் ஒன்றுதான். 2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் இரண்டு டாக்டர்களின் படம் வந்தது. ஒருவர் புனேயைச் சேர்ந்த யாக்னிக், இன்னொருவர் லண்டனைச் சேர்ந்த யட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒரே 22.3. ஆனால் உடம்பில் இருந்த கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், நம்ம ஊர்க்காரருக்கு 21.2 சதவீதம்! பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. நம்மில் பலருடைய உடல்வாகு இதுதான்.

2023-ல் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிலையமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வைப் பாருங்கள். பி.எம்.ஐ. கணக்கில் பருமனானவர்கள் 28.6 சதவீதம். வயிற்றை அளந்து பார்த்தாலோ 39.5 சதவீதம்! அதாவது, எடை மெஷினுக்குத் தப்பிய பலர் டேப்பிடம் மாட்டிக் கொண்டார்கள்.

கொழுப்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது?

சித்த மருத்துவத்தில் உடற்கட்டுகள் ஏழு. அதில் கொழுப்பும் ஒன்று. ஆகவே கொழுப்பு நமக்கு எதிரி அல்ல. எவ்வளவு, எந்த இடத்தில் என்பதுதான் கேள்வி.

தோலுக்கு அடியில், தொடையில், பிட்டத்தில் தங்கும் கொழுப்பு அவ்வளவு தொல்லை தராது. வயிற்றுக்குள்ளே குடலைச் சுற்றித் தங்குகிறதே, அதுதான் பொல்லாதது. அதிலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தோடு நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. டிரைகிளிசரைடு ஏறுகிறது, நல்ல கொலஸ்டிரால் இறங்குகிறது. ரத்த அழுத்தமும் கூடவே வருகிறது. இதயத்தின் ரத்தக் குழாய்கள் கொஞ்சம் கொஞ்சமாக அடைபடுகின்றன.

52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வும் (2004) இதையே சொன்னது. மாரடைப்பு அபாயத்தைக் கணிக்க பி.எம்.ஐ.யை விட இடுப்பு அளவே மேல்!

ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று

ஆண்களுக்குக் கொழுப்பு முதலில் வயிற்றில்தான் சேரும். பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் இருக்கும்வரை தொடைக்கும் பிட்டத்துக்கும் போகும். அதனால்தான் பெண்களுக்கு மாரடைப்பு பொதுவாகச் சில வருடங்கள் தள்ளி வருகிறது.

"அப்பாடா!" என்று பெருமூச்சு விடாதீர்கள், சகோதரிகளே! மாதவிடாய் நின்ற பிறகு கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுகிறது. கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் பரிசோதனை செய்ய ஓடுகிற அம்மா, தன்னை அளந்து பார்ப்பதே இல்லை.

எப்படி அளப்பது?

பேண்ட் சைஸை நம்பாதீர்கள். "பத்து வருஷமா 32 தான் சார்" என்பார்கள். பேண்ட் தொந்திக்குக் கீழே இறங்கிவிட்டதைக் கவனித்திருக்க மாட்டார்கள்! பாவாடை நாடா கட்டும் இடமும் கணக்கில்லை.

நேராக நில்லுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே டேப்பைச் சுற்றுங்கள். மூச்சை இயல்பாக விட்டதும் பாருங்கள். எக்கிப் பிடிக்கக் கூடாது!

ஆண்களுக்கு 90 செ.மீ. (சுமார் 35½ அங்குலம்), பெண்களுக்கு 80 செ.மீ. (31½ அங்குலம்). இதற்குள் இருக்க வேண்டும். இன்னொரு சுலபமான கணக்கு, வயிற்றுச் சுற்றளவு உங்கள் உயரத்தில் பாதிக்கும் குறைவாக இருக்கட்டும்.

ஷிஃப்ட் வேலைக்காரர் வீட்டில்...

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் வந்தது. வயலில் நடந்த கால்கள் கம்பெனி பஸ்ஸில் ஏறின. வாரம் ஒரு ஷிஃப்ட், நடுராத்திரியில் டீயும் பஜ்ஜியும், பகலில் அரைகுறைத் தூக்கம். வயிறு பெருக வேறென்ன வேண்டும்? இரவு வேலை இதயத்துக்குக் கூடுதல் பாரம். பீடி, சிகரெட்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

தட்டில் முதலில் கீரை, பொரியல், சுண்டல். பிறகு அளவாகச் சோறு. இரவு ஷிஃப்ட் என்றால், புறப்படும் முன்பே வீட்டில் சாப்பிட்டு விடுங்கள். நடுவில் பசித்தால் கொண்டைக் கடலை, மோர். தினமும் அரைமணி வேகமான நடை, வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை.

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பார்கள். கொள்ளு ரசம் நல்லதுதான். ஆனால் மூன்று வேளை சோற்றைக் குவித்துவிட்டு ரசத்தைக் குடித்தால் தொந்தி கரையாது. எந்தச் சூரணமும் கரைக்காது. சித்த மருத்துவனாகவே சொல்கிறேன்!

அளவு தாண்டியிருந்தால் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்டிரால் மூன்றையும் பார்த்து விடுங்கள். ஏற்கெனவே பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கஷாயத்தை நம்பி அதை நிறுத்தக் கூடாது.

வாய்வு என்று படுத்து விடாதீர்கள்

நெஞ்சு இறுக்கம், இடது கை, தாடை, முதுகில் வலி, குப்பென்று வியர்வை... இவை எல்லோருக்கும் தெரியும். பெண்களுக்குச் சில சமயம் மூச்சு வாங்குதல், குமட்டல், காரணமில்லாத அசதி என்று மட்டும் வரலாம். "வாய்வுதான்" என்று ஓமத் தண்ணீர் குடித்துப் படுக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து வாய்வு என்று தெரிந்தால் சந்தோஷமாக வீடு திரும்பலாமே!

இன்றைக்கே தையல் பெட்டியைத் திறந்து டேப்பை எடுங்கள். வீட்டில் பெரியவர்கள் எல்லோரையும் அளந்து, காலண்டரில் குறித்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி அளங்கள். இரண்டு செ.மீ. குறைந்தாலும் அது உங்கள் இதயத்துக்கு நீங்கள் செய்த உபகாரம்தான்.