மிதக்கும் நகரத்தின் கழிவுகள்

மும்பை, கொச்சி, மர்மகோவா முதலிய துறைமுகங்களின் அருகே வாழும் நேயர்கள், வெண்ணிற மாளிகை போல வந்து நிற்கும் உல்லாசப் பயணக் கப்பல்களைக் கண்டிருக்கலாம். அவற்றில் நீச்சற் குளமும் நாடக அரங்கும் உண்டென்பது பலரும் அறிந்ததே. அத்தனை பேர் உண்டு, குளித்து, உறங்கி எழும் அம்மாளிகையின் கழிவெல்லாம் எங்கே செல்கின்றது என்று கேட்போர் சிலரே.

2024-ஆம் ஆண்டில் முதற் பயணம் மேற்கொண்ட 'ஐகான் ஆஃப் தி சீஸ்' என்னும் கப்பல், பணியாளரையும் சேர்த்து ஏறத்தாழப் பதினாயிரம் பேரை ஏற்றவல்லது. நம் நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றில் அத்தனை மக்கள் இல்லை. ஊரிலாவது குப்பை கொட்டப் புறம்போக்கு நிலம் அகப்படும் (அது முறையன்று என்பது வேறு விஷயம்). கப்பலுக்கோ நாற்புறமும் கடலே.

ஆகவே கப்பலின் கீழ்த்தளத்தில், பயணிகள் காணாத ஓர் அறையில், பணியாளர்கள் குப்பையைக் கையாலேயே பிரிக்கின்றனர். கண்ணாடி நொறுக்கப்படுகின்றது, தகரக் குவளைகள் நசுக்கப்படுகின்றன, காகிதமும் அட்டையும் உலையில் எரிகின்றன. உணவு மிச்சம் அரைவை எந்திரத்துக்குச் செல்கின்றது. வெண்ணெய் சுற்றிய உறையொன்று அதனுடன் கலந்துவிட்டால் அதுவும் துகளாகிக் கடலைச் சேரும். பல கோடி மதிப்புள்ள கப்பலிலும் இவ்விடத்தில் வேண்டுவது மனிதனின் கண்ணும் கையுமே.

1973-இல் உருவாகி 1978-இல் விரிவாக்கப்பட்ட 'மார்ப்பால்' என்னும் பன்னாட்டு உடன்படிக்கை, எக்கடலிலும் பிளாஸ்டிக்கை எறியலாகாது என விலக்குகின்றது. பொதுவான கடற்பகுதிகளில், 25 மில்லிமீட்டர் கண்ணுடைய சல்லடையில் நுழையுமாறு அரைத்த உணவைக் கரைக்கு 3 கடல் மைலுக்கு அப்பாலும், அரைக்காததை 12 கடல் மைலுக்கு அப்பாலும் விடலாம். சுத்திகரிக்காத மலக்கழிவுக்கும் 12 கடல் மைலே எல்லை. வியப்பு யாதெனில், குளியலறையிலும் சலவையிலும் வெளிவரும் அழுக்கு நீரை இவ்வுடன்படிக்கை கட்டுப்படுத்தவில்லை. ஒரு கப்பலில் நாள்தோறும் சராசரி 80,000 லிட்டர் மலக்கழிவு நீரும், அதனினும் எட்டு மடங்கு அழுக்கு நீரும் உண்டாவதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 2008-இல் கணக்கிட்டது.

குப்பையை எப்பொழுது, எவ்விடத்தில், எவ்வளவு வெளியேற்றினோம் என்பதை அதிகாரி ஏட்டிலே பதிந்து ஒப்பமிட வேண்டும். நள்ளிரவில் நடுக்கடலில் அவ்வேட்டைச் சரிபார்ப்போர் யார்? 1991-இல் 'ரீகல் பிரின்சஸ்' கப்பலிலிருந்து குப்பைப் பைகள் கடலில் வீசப்பட்டதைப் பயணிகளே வீடியோவில் படம்பிடித்தனர். அக்கப்பல் நிறுவனம் 5 லட்சம் டாலர் அபராதம் செலுத்திற்று.

எந்திர அறையின் அடியில் தேங்கும் நீரில் எண்ணெய் கலந்திருக்கும். பத்து லட்சம் பங்கில் 15 பங்குக்கு மேல் எண்ணெய் இல்லாதவாறு பிரித்தபின்னரே அதனை வெளிவிட வேண்டும். 2013-இல் 'கரிபியன் பிரின்சஸ்' கப்பலில் அக்கருவியைச் சுற்றிச் செல்லுமாறு இரகசியக் குழாய் பொருத்தி, இங்கிலாந்துக் கடற்கரைக்கப்பால் அந்நீரைக் கொட்டினர். புதிதாகச் சேர்ந்திருந்த இளம் பொறியாளர் ஒருவர் இதைக் கண்டு, கப்பல் சவுத்தாம்டன் துறைமுகத்தை அடைந்ததும் வேலையைத் துறந்து அதிகாரிகளிடம் தெரிவித்தார். அவர் வாய் திறந்திராவிடில் ஏடு செம்மையாகவே இருந்திருக்கும். 2016-இல் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொள்ள உடன்பட்டு, 4 கோடி டாலர் தண்டம் ஏற்றது. தாய் நிறுவனமாகிய கார்னிவலின் கப்பல்களும் ஐந்தாண்டு நீதிமன்றக் கண்காணிப்பின் கீழ் வந்தன.

அக்கண்காணிப்பின் நிபந்தனைகளை மீறியதாக 2019-இல் கார்னிவல் ஒப்புக்கொண்டு, மேலும் 2 கோடி டாலர் செலுத்த இசைந்தது. அம்மீறல்களுள் ஒன்று, பஹாமாஸ் கடலில் உணவுக் கழிவோடு பிளாஸ்டிக்கும் கலந்து விடப்பட்டதாகும்.