ஸ்தல ஸ்தாபனங்களில் ஸ்திரீகளின் தலைமை

கிராம நிர்வாகம் என்பது பெரும்பாலும் குடிதண்ணீர், தெருவிளக்கு, பாதை, சாக்கடை, பாடசாலை ஆகிய சில காரியங்களைப் பற்றியதேயாகும். இவற்றுள் எதில் குறை நேரிடினும் அதன் கஷ்டத்தை முதலில் அனுபவிப்பவர்கள் வீட்டுப் பெண்களே. குழாயில் நீர் வராத நாளில் குடத்தை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடப்பவர்களும், பாதை சேறான மழைக்காலத்தில் குழந்தையை இடுப்பில் சுமந்து பள்ளியில் கொண்டு விடுபவர்களும் அவர்களே. இங்ஙனமிருந்தும், இக்குறைகளைப் பற்றி ஆலோசிக்கும் கூட்டங்களில் நெடுங்காலம் அவர்களுக்கு இடமில்லாதிருந்தது. பின்னர்ச் சட்டம் இடமளித்தது. ஆயினும் சட்டம் அளித்த இடம் மாத்திரம் தலைமையாகிவிடாது. கூட்டம் நடத்தவும், கணக்கைப் பார்வையிடவும், தம் கருத்தைத் தீர்மானமாக எழுதுவிக்கவும் பழகினாலன்றி அந்த இடம் பெயரளவிலேயே நின்றுவிடும். அப்பழக்கத்தை அளிப்பதற்குக் கூட்டுறவுச் சங்கம் மிகவும் தகுந்த ஸ்தாபனமாகும்.

உரிமை வந்த வழி

1917-ம் வருஷம் டிசம்பர் மாதம் 18-ந் தேதி, சென்னைக்கு வந்திருந்த இந்தியா மந்திரி மாண்டேகுவை, ஸரோஜினி நாயுடுவின் தலைமையில் ஸ்திரீகளின் தூதுகோஷ்டி ஒன்று கண்டு, ஆண்களைப் போலவே பெண்களுக்கும் ஓட்டுரிமை வேண்டுமென்று கேட்டது. 1919-ம் வருஷத்துச் சட்டம் அதனை நேரே வழங்காமல், மாகாணச் சட்டசபைகளின் முடிவுக்கு விட்டுவிட்டது. 1921-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் சென்னைச் சட்டசபை அவ்வுரிமையை வழங்கி, மற்ற மாகாணங்களுக்கு முன்சென்றது. 1926-ல் டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி அச்சபையின் அங்கத்தினராக நியமிக்கப்பட்டு, 1927-ல் அதன் உபதலைவராகத் தெரிந்தெடுக்கப்பட்டார்.

ஆயினும் அக்காலத்து ஓட்டு, சொத்தையும் வரியையும் ஒட்டியதாயிருந்தது. பட்டா ஆண்களின் பெயரில் இருந்தபடியால், உரிமையைப் பெற்ற பெண்களிலும் அதைச் செலுத்தக் கூடியவர்கள் சிலரே. 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டமே வயதுவந்த எல்லோருக்கும் ஓட்டளித்தது.

கூட்டுறவு இயக்கத்திலும் இதே தடை இருந்ததைக் கவனித்தல் நலம். 1904-ம் வருஷத்துச் சட்டத்தின்கீழ்ச் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் முதல் விவசாய நாணய சங்கம் ஏற்பட்டது. கிராம நாணய சங்கங்களில் பங்கு எத்தனையாயினும் ஆளுக்கு ஒரே ஓட்டு என்பது விதி. பணக்காரரையும் ஏழையையும் சமமாக வைத்த இவ்விதி, பெண்களைத் தடுக்கவில்லை. ஆயினும் கடன் நிலத்தை நம்பிக் கொடுக்கப்பட்டது. நிலமோ ஆண்களின் பெயரில் இருந்தது. ஆகவே சங்கத்துப் பேரேட்டிலும் ஆண்களின் பெயர்களே நிறைந்தன. ஹிந்து கூட்டுக்குடும்பச் சொத்தில் பெண்மக்களுக்கும் சமபங்கு அளிக்கும் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989-ல் இயற்றியது; 2005-ல் அது இந்தியா முழுமைக்கும் சட்டமாயிற்று.

ஒதுக்கீடும் அதன் பலனும்

1993-ம் வருஷம் ஏப்ரல் 24-ந் தேதி அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம், பஞ்சாயத்து ஸ்தானங்களிலும் தலைவர் பதவிகளிலும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு ஒதுக்க வேண்டுமென விதித்தது. அதனை அனுசரித்துத் தமிழ்நாடு பஞ்சாயத்துச் சட்டம் 1994-ல் பிறந்தது. 1996-ல் தேர்தல் நடந்தது. 2016-ல் தமிழ்நாட்டில் இந்த ஒதுக்கீடு சரிபாதியாக உயர்த்தப்பட்டது.

இதனால் விளைந்தது என்ன என்பதை வங்காளத்துப் பீர்பூம் ஜில்லாவிலும் ராஜஸ்தானத்து உதயப்பூர் ஜில்லாவிலும் ராகவேந்திர சட்டோபாத்யாயரும் எஸ்தர் டூப்ளோவும் ஆராய்ந்து 2004-ல் வெளியிட்டனர். பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட தலைமைப் பதவிகள் சீட்டுப்போட்டாற்போல் விழுந்த பஞ்சாயத்துக்களை மற்றவற்றோடு ஒப்பிட்டதில், பெண்கள் தலைமை வகித்த இடங்களில் குடிதண்ணீர் வேலைகள் அதிகமாக நடந்திருப்பது தெரியவந்தது. பெண்கள் அதிகமாக முறையிட்ட குறையும் அதுவே. யார் தலைமையில் இருப்பினும் பஞ்சாயத்தின் போக்கு ஒன்றே என்று கூறுவோருக்கு இது தக்க விடையாகும்.

பதவி ஒருவரிடம், அதிகாரம் மற்றொருவரிடம்

எனினும் பல கிராமங்களில் நடப்பது வேறு. தலைவர் பதவி பெண்ணுக்கு என்று ஆனவுடன், அதுவரை அப்பதவியை விரும்பியிருந்த ஆண் தன் மனைவியையோ மருமகளையோ நிறுத்துகிறார். சுவரொட்டியில் அவர் முகமும் சேர்ந்தே அச்சாகிறது. தேர்தல் முடிந்தபின் ஆபீசுக்குச் செல்பவர் அவர். கூட்டத்தில் பேசுபவரும் அவர். தேர்ந்தெடுக்கப்பட்டவரோ வீட்டிற்கு வரும் காகிதங்களில் கையெழுத்திடுவதோடு நிற்கிறார்.

இதிலுள்ள அபாயத்தை அறிந்தவர் சிலரே. தமிழ்நாட்டுக் கிராமப் பஞ்சாயத்துக்களில் பாங்கிச் செக்குகளில் தலைவரும் உபதலைவரும் சேர்ந்து கையெழுத்திடுவது வழக்கம். தணிக்கையில் குறை காணப்பட்டால் விளக்கம் கேட்கப்படுபவர் கையெழுத்திட்டவரே. "என் கணவர் சொன்னார்" என்பது பதிலாகாது. தலைவரை விலக்கக் கலெக்டர் நடவடிக்கை தொடங்கும்போதும் நோட்டீஸ் அந்தப் பெண்ணின் பெயருக்கே வரும். கணவருக்குச் சட்டத்தில் பதவியும் இல்லை, பொறுப்பும் இல்லை.

ஷெட்யூல்டு வகுப்பைச் சேர்ந்த பெண்களுக்கு இடர் இருமடங்காகும். 2020-ம் வருஷத்தில் கடலூர் ஜில்லாவில் அவ்வகுப்பைச் சேர்ந்த பஞ்சாயத்துத் தலைவர் ஒருவர், மற்றவர்கள் நாற்காலியில் அமர்ந்திருக்கத் தாம் மட்டும் தரையில் அமர்ந்திருந்த படம் வெளியாகி, நாடெங்கும் வருத்தத்தை உண்டாக்கிற்று. தலைவருக்கு நாற்காலி மறுக்கப்படும்போது, அவரைத் தெரிந்தெடுத்த ஜனங்களின் ஓட்டும் அவமதிக்கப்படுகின்றது.

சங்கமே பயிற்சிக்கூடம்

முதன்முதலாகப் பஞ்சாயத்துக் கூட்டத்தில் உட்காரும் எவருக்கும் கூச்சம் இருக்கும். சிறிய கூட்டங்களில் பழகியவருக்கு அது விரைவில் நீங்கும். 1978-ல் ஜெயா அருணாசலம் சென்னையில் தொடங்கிய உழைக்கும் பெண்கள் இயக்கம், கூடைக்காரிகள் முதலிய சிறு வியாபாரிகளைக் குழுக்களாகச் சேர்த்துக் கடன்பெறச் செய்தது. 1989-ல் தர்மபுரி ஜில்லாவில் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கப்பெற்றுப் பின் மாகாணமெங்கும் பரவின.

இக்குழுக்களின் முறை எளிது. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் வரை கூடிச் சிறுதொகை சேமிக்கின்றனர். யாருக்கு எவ்வளவு கடன், எத்தனை தவணை என்பதைத் தாமே தீர்மானித்து நடவடிக்கைப் புஸ்தகத்தில் எழுதுகின்றனர். தவணை தவறியவரை நயமாகக் கேட்கவும் கற்கின்றனர். வரவு செலவு, தீர்மானம், ஓட்டு, தணிக்கை என்ற இவையே பஞ்சாயத்திலும் வருபவை, தொகைதான் பெரிது.

அங்கத்தினர் செய்யத்தக்கவை

(1) பால் சங்கத்தில், மாட்டைக் கழுவித் தீனியிட்டுக் கறப்பவர் மனைவியாயிருக்க, அங்கத்தினர் பெயர் கணவருடையதாயிருத்தல் சாதாரணம். வேலை செய்பவரின் பெயரிலேயே பங்கு எடுக்கச் செய்க. பால் பணமும் அவர் கணக்கிலேயே சேர்க.

(2) கூட்டத்தை அடுப்பு மூட்டும் நேரத்திலும், பெண்கள் வரத் தயங்கும் இடத்திலும் வைக்கலாகாது. நடவு, அறுப்பு நாட்களையும் தவிர்த்தல் நன்று.

(3) வரவு செலவைச் சபையில் உரக்கப் படித்து, கேள்விக்கு அவகாசம் அளிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கும் கணக்கு நன்றாக விளங்கும். சந்தைக் கணக்கை மனத்தில் வைத்திருப்பவர்கள் அவர்களே.

(4) நிர்வாக சபையிலுள்ள பெண் கொணரும் பிரேரணை அவர் பெயராலேயே நடவடிக்கைப் புஸ்தகத்தில் எழுதப்பட வேண்டும். அவருக்குப் பதிலாக வேறொருவர் வந்து உட்காருவதை அக்கிராசனர் அனுமதிக்கக் கூடாது.

(5) பில்லையும் தீர்மானத்தையும் பாராமல் செக்கில் கையெழுத்திடலாகாது. வெற்றுச் செக்கில் ஒருபோதும் கூடாது.

(6) கிராம சபைக்குச் செல்லுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்னும் நான்கு நாட்களோடு, மார்ச்சு 22-ம் நவம்பர் 1-ம் 2022-ல் சேர்க்கப்பட்டன. அதற்கு இரண்டு மூன்று நாட்கள் முன்னரே பெண்கள் கூடிக் கோரிக்கை ஒன்றை முடிவுசெய்து, எழுத்தில் கொடுப்பது நலம். சில இடங்களில் வருகைப் பதிவில் முதலிலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டு, தீர்மானங்களைப் பின்னர் நிரப்புவதுண்டு. ஆதலின் கோரிக்கை தீர்மானப் புஸ்தகத்தில் ஏறியதைப் படிக்கச் சொல்லிக் கேட்டபின் வீடு திரும்புக.

இவற்றுள் எதற்கும் புதிய சட்டமோ சர்க்கார் பணமோ தேவையில்லை. அடுத்த மஹாசபைக்கு நோட்டீஸ் அனுப்புமுன், காரியதரிசி சங்கத்தின் அங்கத்தினர் பேரேட்டைத் திறந்து அதில் எத்தனை பெண்களின் பெயர்கள் உள்ளன என்று எண்ணிப் பார்ப்பாராக. அவ்வெண்ணையே கூட்டத்தின் முதல் விஷயமாக வைத்து, வருஷ முடிவுக்குள் அதை எவ்வளவு உயர்த்தலாமென்று அங்கத்தினர்கள் தீர்மானிப்பார்களாயின், வருங்காலப் பஞ்சாயத்துத் தலைவர்கள் பலருக்கு அன்றே பயிற்சி தொடங்கியதாகும்.