காதில் 5 ஊசி. கையில் உள்ள காசு போதும்!
ஏழைப் பேட்டைக்கு அக்குபங்சர் வந்த கதை

விடியற்காலை நேரம். நியூயார்க் நகரில் தெற்கு பிராங்க்ஸ் பகுதியில் உள்ள லிங்கன் ஆஸ்பத்திரிக்கு வாடகை லாரி ஒன்று வந்து நின்றது. அதில் இருந்து வாலிபர்களும் பெண்களும் திபுதிபு என்று குதித்தார்கள். உள்ளே புகுந்து கதவுகளை அடைத்தார்கள். ஆஸ்பத்திரி மீது போர்ட்டோ ரிக்கோ கொடி ஏறியது.

1970-ம் ஆண்டு ஜூலை 14-ந்தேதி நடந்த சம்பவம் இது. புகுந்தவர்கள் 'யங் லார்ட்ஸ்' என்ற இளைஞர் அமைப்பினர். சுமார் 12 மணி நேரம் ஆஸ்பத்திரி அவர்கள் கையில் இருந்தது.

அமெரிக்காவில் ஏழைபாழைகளுக்கு அக்குபங்சர் வைத்தியம் கிடைத்த கதை இந்த முற்றுகையில் இருந்துதான் ஆரம்பம் ஆகிறது.

கசாப்புக் கடை

தெற்கு பிராங்க்ஸ் அப்போது போர்ட்டோ ரிக்கோ மக்களும் கறுப்பின மக்களும் நெருக்கியடித்து வாழ்ந்த பேட்டை. கூலி வேலை, ஓட்டை வீடு, தெருவுக்குத் தெரு ஹெராயின். அங்கு இருந்த ஒரே பெரிய ஆஸ்பத்திரி லிங்கன். பழைய கட்டிடம், இடிக்க வேண்டிய நிலை. அந்தப் பகுதி மக்கள் அதற்கு வைத்திருந்த பெயர் 'கசாப்புக் கடை'. அதற்கு மேல் என்ன சொல்ல?

யங் லார்ட்ஸ் கேட்டது ஒன்றும் ஆகாத காரியம் அல்ல. வீடு வீடாகப் போய் வைத்தியம் பாருங்கள், புகார் சொல்ல ராப்பகலாக ஒரு மேஜை போடுங்கள் என்பவை அவர்கள் வைத்த கோரிக்கைகளில் சில.

அதே ஆண்டு நவம்பரில் மறுபடியும் ஒரு முற்றுகை. இந்தத் தடவை நர்சுகள் விடுதியில் ஒரு பகுதியைப் பிடித்தார்கள். போதைக்கு அடிமையானவர்களுக்கு அங்கேயே சிகிச்சை தொடங்கிவிட்டது. ஊழியர்களில் பலர், நேற்று வரை தாங்களே ஹெராயின் போட்டுக்கொண்டு திரிந்தவர்கள்!

ஹெராயினை நிறுத்தினால் உடம்பு சும்மா விடாது. கை கால் நடுங்கும். வேர்த்துக் கொட்டும். மூக்கு ஒழுகும். குடலைப் புரட்டும். ராத்திரி பூராவும் தூக்கம் கிடையாது. 'ஒரு தடவை போட்டால் சரியாப் போயிடும்' என்று மனசு கெஞ்சும். அந்த நாட்களைத் தாண்ட முடியாமல் பலர் மறுபடி விழுகிறார்கள். அதற்கு அங்கே முதலில் கொடுக்கப்பட்டது 'மெத்தடோன்' என்ற மருந்து. அதுவும் ஓபியம் ஜாதிதான். ஒரு பழக்கத்தை விட இன்னொரு பழக்கமா என்று ஊழியர்களே கேட்க ஆரம்பித்தார்கள்.

ஆங்காங் டாக்டர்

1972-ல் ஆங்காங்கில் ஒரு விசித்திரம் நடந்தது. அங்குள்ள குவாங் வா ஆஸ்பத்திரியில் எச்.எல்.வென் என்ற மூளை அறுவை டாக்டர், ஆபரேஷன் வலி தெரியாமல் இருக்க நோயாளிகளுக்கு ஊசி குத்தி, அதில் லேசான மின்சாரம் பாய்ச்சிச் சோதனை செய்து வந்தார். அப்படி ஊசி ஏற்றப்பட்ட ஒருவர் அபின் பழக்கம் உள்ளவர். அவருக்கு வலி குறைந்ததோ இல்லையோ, அபின் இல்லாமல் உடம்பு படுத்திய பாடு அடங்கிவிட்டது!

டாக்டர் வென் மேலும் பலரிடம் இதைச் சோதித்துப் பார்த்து 1973-ல் வெளியிட்டார். சேதி பிராங்க்சுக்கு எட்டியது. 1974-ல் லிங்கனில் ஊசி வைத்தியம் ஆரம்பம் ஆனது.

அமெரிக்காவுக்கு அக்குபங்சர் அப்போது புதுசு. 1971-ல் பெய்ஜிங் போன 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்கு அங்கே அவசரமாகக் குடல்வால் ஆபரேஷன் நடந்தது. பிறகு வந்த வயிற்று வலிக்கு ஊசி குத்தினார்கள். அதை அவர் எழுத, ஊரெல்லாம் அதே பேச்சு. வசதி படைத்தவர்கள் அக்குபங்சர் நிபுணர்களைத் தேடிப் போனார்கள். ஆனால் பிராங்க்சில் ஊசிக்குக் கட்டணம் இல்லை.

ஊசி என்றதும் மருந்து ஏற்றுகிற ஊசி என்று நினைத்துப் பயப்படவேண்டாம். இது தலைமுடி கனம். உள்ளே ஓட்டை கிடையாது, மருந்தும் கிடையாது. முதலில் டாக்டர் வென் செய்தபடி மின்சாரம் வைத்தார்கள். போகப்போக, வெறும் ஊசியே போதும் என்று அதை விட்டுவிட்டார்கள். காது ஒன்றுக்கு 5 இடம்: ஈரல், சிறுநீரகம், நுரையீரல் ஆகியவற்றின் பெயரில் 3, சீனப் பெயரில் 'ஷென் மென்' என்று ஒன்று, 'சிம்பதெடிக்' நரம்பின் பெயரில் ஒன்று. குத்தியபின் முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம்.

தனி அறை இல்லை. கட்டில் இல்லை. சட்டையைக் கழற்றவும் வேண்டாம். ஒரு கூடத்தில் நாற்காலியைப் போட்டு எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். இடம் இல்லாமல் செய்த ஏற்பாடு இது. பின்னால் இதுவே பெரிய விஷயம் ஆயிற்று.

போலீசார் வந்தனர்

அங்கே ஊசி குத்தியவர்களில் ஒருவர் முட்டுலு ஷக்கூர். பாடகர் டுபாக் ஷக்கூரின் வளர்ப்புத் தந்தை. இன்னொருவர் மைக்கேல் ஸ்மித் என்ற மனநல டாக்டர். கூடத்தில் ஊசியோடு அரசியல் வகுப்பும் நடந்தது. நம்ம பேட்டைக்கு ஹெராயின் எப்படி வருகிறது, யாருக்கு லாபம் என்று பேசினார்கள். நகர நிர்வாகத்துக்கு இது பிடிக்குமா? 1978-ல் மேயர் எட் காச் காலத்தில் போலீசார் வந்தனர். அந்தக் கூட்டத்தார் வெளியேற்றப்பட்டார்கள்.

ஷக்கூர் ஹார்லெம் பகுதியில் தனியாக அக்குபங்சர் நிலையம் நடத்தினார். பிறகு, 1981-ல் நடந்த பணவண்டிக் கொள்ளை வழக்கில் 1986-ல் பிடிபட்டு, 1988-ல் தண்டனை பெற்றார். 2022 டிசம்பரில் விடுதலை, 2023-ல் மரணம். அது தனிக் கதை.

ஊசி மட்டும் நிற்கவில்லை. டாக்டர் ஸ்மித் அதைத் தொடர்ந்து நடத்தினார். 1985-ல் அவரும் மற்றவர்களும் சேர்ந்து 'நாடா' என்ற சங்கத்தை அமைத்தார்கள். ஸ்பானிஷ் பாஷையில் நாடா என்றால் 'ஒன்றுமில்லை' என்று அர்த்தம். மருந்து ஒன்றுமில்லாத வைத்தியத்துக்கு ஏற்ற பெயர்தான்! சங்கம் கொடுத்த பயிற்சி 70 மணி நேரம். காதில் அந்த 5 இடத்தில் குத்த அது போதும் என்று பல மாநிலங்கள் அனுமதித்தன. நர்சுகள், சிறை ஊழியர்கள், போதையில் இருந்து மீண்டவர்கள் எல்லோரும் கற்றுக்கொண்டார்கள்.

பலன் உண்டா?

இந்தக் கேள்வியை மழுப்பக் கூடாது. கோகெயின் பழக்கம் உள்ளவர்களிடம் 2000-ம் ஆண்டு யேல் பல்கலைக்கழகத்தினர் செய்த சிறிய சோதனையில் நல்ல பலன் தெரிந்தது. ஆனால் 2002-ல் 620 பேரை வைத்து நடந்த பெரிய சோதனையில், சரியான இடத்தில் குத்தினாலும் வேறு இடத்தில் குத்தினாலும், ஊசியே இல்லாமல் இளைப்பாற வைத்தாலும் பலன் ஒன்றுபோலவே இருந்தது. ஆகவே போதையை ஊசி குணப்படுத்திவிடும் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பவேண்டாம். வந்து உட்கார்ந்தவர்கள் மனம் அடங்கி மறுநாளும் வந்தார்கள் என்பதுதான் அங்கு வேலை செய்தவர்கள் கண்டது. முதுகுவலி, மூட்டுவலி போன்ற தீராத வலிக்கு ஓரளவு பலன் இருப்பதாகச் சோதனைகள் சொல்கின்றன.

அந்த வலிக்கும் ஒரு தடவை குத்தினால் தீராது. வாரம் ஒன்றிரண்டு தடவை, பல வாரம் போகவேண்டும். வம்பே அங்கேதான். அமெரிக்காவில் தனி நிபுணரிடம் போனால் ஒரு தடவைக்கு 60 டாலர், 100 டாலர் என்று ஆகும். ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவர் எத்தனை தடவை போவார்? ஊசி விலை சில சென்ட். மீதி எல்லாம் தனி அறைக்கும் தனி நேரத்துக்கும் கொடுக்கிற காசு.

நாற்காலிக் கடை

ஓரிகன் மாநிலம் போர்ட்லாந்து நகரில் லிசா ரோலெடர், ஸ்கிப் வான் மீட்டர் என்ற இருவர் 2002-ல் இந்தக் கணக்கை உடைத்தார்கள். 'தொழிலாளர் வர்க்க அக்குபங்சர்' என்று கடைக்குப் பெயர் வைத்தார்கள். ஒரே கூடம், நிறைய சாய்வு நாற்காலி. வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு, பேண்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு சாய வேண்டியதுதான். கை, கால், தலை, காது இவற்றில் மட்டும் ஊசி. சிலர் குறட்டை விடுவார்கள். விழித்ததும் ஊசியை எடுக்கச் சொல்லிப் போகலாம்.

கட்டணம் 15 டாலரில் இருந்து 35 டாலர் வரை. உங்களுக்கு எது முடியுமோ அதைக் கொடுங்கள் என்றார்கள். சம்பளச் சீட்டு கேட்கவில்லை. ஏமாற்ற மாட்டார்களா? அந்தக் கவலையை அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு மணி நேரத்தில் 6 பேரைப் பார்த்தால் 15 டாலரிலும் வாடகையும் சம்பளமும் கட்டிவரும் என்பது கணக்கு. சர்க்கார் பணமும் இல்லை, தர்மகர்த்தாக்களும் இல்லை.

'அக்குபங்சர் நூடுல்ஸ் மாதிரி' என்று 2009-ல் புத்தகமே போட்டார் ரோலெடர். நாமாக இருந்தால் இட்லி மாதிரி என்போம். இதைப் பார்த்து மற்ற ஊர்களிலும் கூடங்கள் திறந்தன. 2011-ல் ஊசி குத்துகிறவர்களும் குத்திக்கொள்கிறவர்களும் சேர்ந்து 'போகா' என்ற கூட்டுறவுச் சங்கம் கண்டார்கள்.

அமெரிக்க சர்க்காரும் கண் விழித்தது. முதியவர்களுக்கான மெடிகேர் திட்டத்தில் 2020 ஜனவரியில் அக்குபங்சருக்குப் பணம் தர உத்தரவானது. தீராத இடுப்புவலிக்கு மட்டும். 90 நாளில் 12 தடவை. முட்டிவலிக்காரர் தன் காசைத்தான் எடுக்க வேண்டும்.

அடுத்த 2 மாதத்தில் கொரோனா வந்தது. ஒரே கூடத்தில் பத்துப் பேரை உட்கார வைத்து நடக்கிற கடை என்ன செய்யும்? கதவைச் சாத்தினார்கள். மறுபடி திறந்தபோது நாற்காலிகளை விலக்கிப் போட வேண்டி வந்தது. நாற்காலி குறைந்தது; வாடகை குறையவில்லை. கட்டணத்தை ஏற்றினால் பாத்திரம் கழுவுகிறவர் வரமாட்டார். ஏற்றாவிட்டால் கடை நிற்காது. சில கூடங்கள் சமாளித்தன. சிலவற்றில் போட்ட பூட்டு போட்டபடியே இருந்துவிட்டது.