ஒரு டப்பா பஞ்சாமிர்தம், யாருக்கெல்லாம் காசு?

தைப்பூசம் முடிஞ்சு ஹாஸ்டலுக்குத் திரும்புற பசங்க கையில் கண்டிப்பா ஒரு பழனி பஞ்சாமிர்த டப்பா இருக்கும். பத்தே நிமிஷத்துல காலி! அந்த டப்பாவுக்குக் கொடுத்த காசு எங்கெல்லாம் போகுதுன்னு யோசிச்சிருக்கீங்களா?

சுற்றுலாப் பொருளாதாரத்தில் ‘கசிவு’ என்று ஒரு சொல் உண்டு. பயணிகள் ஒரு ஊரில் வந்து செலவு செய்கிறார்கள். ஆனால் அவர்கள் சாப்பிடும் பொருள் வெளியிலிருந்து வந்தால், காசும் வெளியே போய்விடும். மாலத்தீவு ரிசார்ட்டுகளுக்கு உணவுப்பொருள் பெரும்பாலும் இறக்குமதிதான். நம்ம திருப்பூரையே எடுத்துக்கோங்க. பனியன் இங்கே தைக்கிறோம், பஞ்சு பெரும்பாலும் குஜராத், மகாராஷ்டிராவிலிருந்து வருது. ஆர்டர் கூடினாலும் பக்கத்துத் தோட்டத்து விவசாயிக்கு அதில் பெரிய பங்கு இல்லை.

பழனி கதை வேற. பஞ்சாமிர்தத்துக்கு வாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய் வேணும். எல்லாமே வயலும் தோட்டமும் தர்ற பொருள். தண்ணீர் ஒரு சொட்டுகூடச் சேர்ப்பதில்லை. அதனால் ஈரப்பதம் குறைந்த விருப்பாச்சி, சிறுமலை மலைவாழைதான் இதற்குப் பொருத்தம். இரண்டுமே திண்டுக்கல் மாவட்டத்து மலைகளில் விளைபவை. நாட்டுச்சர்க்கரையைக் கோயில் நிர்வாகம் ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஏலம் மூலம் கொள்முதல் செய்கிறது. ஆக, பக்தர் கொடுக்கும் காசில் ஒரு பகுதி மலைத் தோட்டத்துக்கும் கரும்பு வயலுக்கும் போய்ச் சேருது. 2019-ல் பழனி பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. தமிழ்நாட்டில் ஒரு கோயில் பிரசாதம் அதைப் பெற்றது அதுவே முதல்முறை.

ஆனா, வாங்க ஆள் இருந்தா மட்டும் போதாது. அசுவினிப் பூச்சி பரப்பும் முடிக்கொத்து நோய் தாக்கி, மலைவாழை பயிராகும் பரப்பு வெகுவாகச் சுருங்கிப்போச்சு. மலையில் பழம் இல்லைன்னா, சமவெளி வாழையைத்தான் தேடிப் போகணும். கூட்டம் குறையாது, டப்பாவும் விற்கும், மலை விவசாயி மட்டும் கணக்கிலிருந்து விழுந்துடுவார். அதனால்தான் நோயில்லாத கன்று என்பது கோயில் கூட்டத்தைப் போலவே முக்கியம்.

சுற்றுலா வந்தா விவசாயி தானா வாழ்ந்துடுவார்னு சொல்ல முடியாது. தொடர்ந்து வாங்கும் ஒருவர், நேர்மையா விலை பேச ஒரு இடம், நோயில்லாத பயிர், இந்த மூணும் சேரணும். அடுத்த முறை டூர் போகும்போது சாப்பாட்டு இலையைப் பார்த்து ஒரு கேள்வி கேளுங்க: இதுல இந்த ஊர்ல விளைஞ்சது எது?